செயற்கைக்கோள் படத்தில் கல்வராயன் மலை: நம்பிக்கைகளும் உண்மைகளும்

கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு கூறாகக் கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் மேற்கே எழுந்து, சேலம் மாவட்டத்துக்குள்ளும் நீளும் கல்வராயன் மலையில், காட்டு விலங்கின் நடமாட்டத்தை அறிய விரும்பியவர்கள் முன்பெல்லாம் குளம்புத் தடத்தையும், சேற்றில் புரண்ட பள்ளத்தையும், கிளறிப் போட்ட கிழங்குக் கொல்லையையும் நடந்து பார்த்தே அறிந்தனர். 2005இல் கூகுள் நிறுவனத்தின் செயற்கைக்கோள் படங்களும், 2009இல் இஸ்ரோவின் ‘புவன்’ தளமும் பொதுமக்கள் பார்வைக்கு வந்தபின், மலையேறாமலேயே அதன் ஓடைகளையும் சரிவுகளையும் கைபேசியில் பார்க்க முடிகிறது. உரிமமும் பருவக் கட்டுப்பாடும் விதித்து வேட்டையை அனுமதிக்கும் அமெரிக்கா போன்ற நாடுகளில், இத்தகைய படங்களைக் கொண்டு வேட்டைக்கான இடத்தை முன்கூட்டியே தேர்வது வழக்கமாகிவிட்டது. அங்கிருந்து வரும் காணொளிகளைப் பார்ப்பவர்களிடம், அந்நாட்டு நிலத்துக்கும் சட்டத்துக்கும் உரிய முறைகள் இங்கும் செல்லும் என்ற மயக்கம் ஏற்படுவதால், அதைச் சார்ந்த சில நம்பிக்கைகளைச் சோதித்துப் பார்ப்பது தேவையாகிறது.

நம்பிக்கை 1: திரையில் தெரிவது இன்றைய நிலம்.

உண்மை: இணைய வரைபடத்தில் காணப்படுவது வெவ்வேறு நாட்களில் எடுக்கப்பட்ட படத் துண்டுகளை இணைத்த தொகுப்பு, அதில் ஒரு துண்டுக்கும் அடுத்ததற்கும் இடையே ஆண்டுக்கணக்கில் இடைவெளி இருக்கலாம். கல்வராயனில் இலையுதிர் காடே மிகுதி என்பதால், பங்குனியில் எடுத்த படத்தில் வெறும் பழுப்பு மேடாகத் தெரியும் சரிவு, வடகிழக்குப் பருவமழைக்குப் பின் எடுத்த படத்தில் அடர்ந்த பசுமையாகத் தெரியும். எட்டு முதல் பத்து மாதங்களில் பிடுங்கப்படும் மரவள்ளிக் கொல்லை, படத்தில் இன்னும் பசுமையாக இருக்கும்போதே தரையில் உழுது முடிக்கப்பட்டிருக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தின் சென்டினல்-2 செயற்கைக்கோள்கள் சுமார் 5 நாட்களுக்கு ஒருமுறை புதிய படம் தருவது உண்மையே. ஆயினும் மழைக்காலத்தில் மலைமேல் மேகம் கவிந்திருந்தால் அப்படத்தில் மேகம்தான் இருக்கும்.

நம்பிக்கை 2: போதிய துல்லியம் இருந்தால் விலங்கையே பார்த்துவிடலாம்.

உண்மை: படத்தின் மிகச் சிறிய கட்டமாகிய படப்புள்ளி, தரையில் எவ்வளவு பரப்பைக் குறிக்கிறது என்பதே துல்லியத்தின் அளவு. சென்டினல்-2 படத்தில் ஒரு புள்ளி 10 மீட்டருக்கு 10 மீட்டர் என்பதால், ஒரு வீடே அதற்குள் அடங்கிவிடும். 2019 நவம்பர் 27 அன்று இஸ்ரோ ஏவிய கார்ட்டோசாட்-3, கறுப்பு வெள்ளையில் 25 சென்டிமீட்டர் வரை பிரித்துக் காட்டவல்லது. அத்தகைய படத்திலும் ஒன்றரை மீட்டர் நீளமுள்ள காட்டுப்பன்றி ஆறு புள்ளி நீளக் கறையாகவே விழும் என்பதால், அதைப் பாறையிலிருந்தோ புதரின் நிழலிலிருந்தோ பிரித்தறிவது அரிது. தென்னாப்பிரிக்காவின் அட்டோ பூங்காவில் யானைகளைச் செயற்கைக்கோள் படத்திலேயே கணினி கொண்டு அடையாளம் காண முடியும் என்று 2020இன் இறுதியில் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. ஆனால் அது உருவில் மிகப் பெரிய விலங்கைப் பற்றியது. பகலில் புதருக்குள் படுத்து, இருட்டியபின் வெளிவரும் பன்றிக்கு அந்த முடிவு பொருந்தாது.

நம்பிக்கை 3: உயரக் கோடுகளைப் படித்தால் மலையில் வழி தவறாது.

உண்மை: அக்கோடுகளுக்கு அடிப்படையாக இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் உயரத் தரவுகளில் பரவலாகப் பயன்படுவது, 2000 பிப்ரவரியில் அமெரிக்க விண்ணோடம் ஒன்று ரேடார் கொண்டு திரட்டியதாகும். ஏறத்தாழ 30 மீட்டருக்கு ஓர் அளவு என்ற கணக்கில் அமைந்த அத்தரவில், பத்து மீட்டர் செங்குத்துப் பாறை மென்மையான சரிவாகக் கரைந்துவிடுவதுண்டு. காடு அடர்ந்த இடத்தில் மரங்களின் உயரமும் நிலத்தின் உயரத்தோடு ஓரளவு கலந்திருக்கும்.

நம்பிக்கை 4: பச்சையாகத் தெரிவதெல்லாம் காடு, பச்சை முடியும் இடத்தில் காட்டின் எல்லையும் முடிகிறது.

உண்மை: டேராடூனில் இயங்கும் இந்திய வன ஆய்வு நிறுவனம், குறைந்தது 1 ஹெக்டேர் பரப்பில் மரக்கவிகை 10 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால், அந்நிலம் யாருடையதாயினும் அதை ‘வனப் பரப்பு’ எனக் கணக்கிடுகிறது, எனவே பட்டா நிலத்துப் புளியந்தோப்பும் பலாத்தோப்பும் அதில் சேரும். இதற்கு மாறாக, சட்டப்படியான காப்புக்காடு 1882ஆம் ஆண்டின் வனச் சட்டத்தின்கீழ் அரசிதழில் எல்லை விவரித்து அறிவிக்கப்படுவது. அதில் மரமே இல்லாத பாறைப் பரப்பும் அடங்கலாம். நிலத்தில் நட்ட எல்லைக் கற்களும் வனத்துறையின் ஆவணங்களும்தான் அந்த எல்லைக்குச் சான்று.

நம்பிக்கை 5: காப்புக்காட்டுக்கு வெளியே, அதுவும் 3 கிலோமீட்டருக்கு அப்பால், பன்றியைச் சுடலாம்.

உண்மை: 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தொடக்கத்தில் உரிமத்தின் பேரில் சில விலங்குகளை வேட்டையாட இடம் தந்தது, 1991இன் திருத்தம் அந்த வழியை அடைத்தது. காட்டுப்பன்றியும் முயலும் இன்று அச்சட்டத்தின் இரண்டாம் அட்டவணையிலும், கரடி, காட்டுமாடு, உடும்பு, எறும்புத்தின்னி ஆகியவை முதல் அட்டவணையிலும் உள்ளன. இத்தடை இடத்தைப் பார்த்து மாறுவதன்று. சரணாலயமாயினும் சொந்தக் கொல்லையாயினும் ஒன்றே. கொல்வது மட்டுமன்றி, கண்ணி வைப்பதும், இரை வைத்துப் பிடிப்பதும், அவற்றுக்கு முயல்வதும்கூட சட்டத்தின் பார்வையில் வேட்டையே. முதல் அட்டவணை விலங்கை வேட்டையாடினால் 3 முதல் 7 ஆண்டுச் சிறையும், 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதமும் உண்டு.

3 கிலோமீட்டர் என்ற கணக்கு, பயிர்ச்சேதம் குறித்து 2025 ஜனவரியில் தமிழக அரசு வகுத்த நடைமுறையிலிருந்து வந்தது. அதன்படி, காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டர் வரை பன்றியைச் சுட அனுமதி இல்லை. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை அதைப் பிடித்துக் காட்டில் விட வேண்டும். அதற்கு அப்பால் மட்டுமே சுடலாம், அதையும் வனத்துறையே செய்ய வேண்டும். கைபேசியில் தூரத்தை அளந்துவிட்டு உரிமமற்ற நாட்டுத் துப்பாக்கியை எடுப்பவர் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தை மட்டுமன்றி, 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தையும் மீறுகிறார்.

நம்பிக்கை 6: மலைவாழ் மக்களுக்கு வேட்டை உரிமை உண்டு; அவர்களது நில உரிமையையோ செயற்கைக்கோள் படமே தீர்மானிக்கும்.

உண்மை: இரண்டுமே பிழை. கல்வராயனின் மலையாளிப் பழங்குடியினருக்கும் பயன்படும் 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், மரபாக அனுபவித்துவரும் பல உரிமைகளை ஏற்கும்போதே, வேட்டையாடுவதையும் பொறிவைத்துப் பிடிப்பதையும் வெளிப்படையாக விலக்கியிருக்கிறது. அதே சட்டத்தின் விதிகளில் 2012இல் செய்யப்பட்ட திருத்தம், செயற்கைக்கோள் படம் பிற சான்றுகளுக்குத் துணையாகலாமே தவிர அவற்றுக்கு மாற்றாகாது என்று கூறுகிறது. அவ்விதிக்குத் தக்க காரணம் உண்டு. நிலத்தின்மீதான அனுபவத்தை 2005 டிசம்பர் 13ஆம் நாளுக்கு முன்பிருந்தே மெய்ப்பிக்க வேண்டியிருக்க, அக்காலத்துக்கு இலவசமாகக் கிடைக்கும் லேண்ட்சாட் படங்களில் ஒரு புள்ளி 30 மீட்டருக்கு 30 மீட்டர், அதாவது ஏறத்தாழ 22 சென்ட். சாமை விதைத்த அரை ஏக்கர் நிலம் அப்படத்தில் இரண்டே புள்ளிகள். அதன் நடுவே கடுக்காய் மரமோ பலா மரமோ நின்றால், அந்நிலம் காடு என்றே பதிவாகிவிடலாம். ஆகவே கிராம சபையின் வன உரிமைக் குழு நிலத்துக்கே சென்று பார்ப்பதும், முதியோரின் வாக்குமூலத்தை எழுதிக்கொள்வதும், பழைய வரப்பையும் வழிபாட்டு இடத்தையும் குறிப்பதும் படத்தைக் காரணம் காட்டித் தவிர்க்கக்கூடியவை அல்ல. படத்தை மட்டும் சுட்டி ஒரு மனு தள்ளப்பட்டால், அதை எதிர்த்து மேல்முறையீடு செய்ய அந்த விதியே போதிய ஆதாரமாகும்.