அளந்தது யார் என்று கேளுங்கள்

புதிய கண்டுபிடிப்பு என்று ஒரு செய்தி வந்ததும், "இது எப்போது கடைக்கு வரும், என்ன விலை?" என்றுதான் நாம் கேட்கிறோம். அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி வேறு. இதைச் சோதித்துப் பார்த்தது யார்? விற்கிறவரேவா, அவரோடு தொடர்பில்லாத வேறொருவரா? இந்தக் கேள்வியை நம்மைக் கேட்கவிடாமல் தடுக்கும் சில நம்பிக்கைகள் ஊறிப்போய்க் கிடக்கின்றன. அவற்றால் முதலீட்டாளர்கள் பணத்தை இழந்தார்கள் என்பதோடு கதை முடிந்திருந்தால் நான் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். தவறான ரத்தப் பரிசோதனை முடிவைக் கையில் வைத்துக்கொண்டு பயந்து போனவர்களும் உண்டு. ஆகவே அந்த நம்பிக்கைகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

நம்பிக்கை: விஞ்ஞானிகள் அடக்கமாகத்தான் சொல்கிறார்கள், ஊதிப் பெருக்குவது பத்திரிகைகள்

பிரிட்டனில் கார்டிஃப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதை நேரடியாகவே சோதித்தார்கள். அந்நாட்டின் 20 முன்னணிப் பல்கலைக்கழகங்கள் உடல்நலம் தொடர்பாக வெளியிட்ட 462 செய்திக்குறிப்புகளை எடுத்துக்கொண்டார்கள். ஒவ்வொன்றையும் ஒரு பக்கம் மூல ஆய்வுக் கட்டுரையோடும், மறுபக்கம் அதை வைத்து வந்த பத்திரிகைச் செய்திகளோடும் ஒப்பிட்டார்கள். 2014-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் முடிவு வெளியானது. கட்டுரையில் இருப்பதைவிட அழுத்தமான அறிவுரை 40 விழுக்காடு குறிப்புகளில் இருந்தது. விலங்குகளில் கண்டதை மனிதருக்கும் பொருந்தும் என்று நீட்டிச் சொன்னவை 36 விழுக்காடு. அப்படி நீட்டிய குறிப்புகளை ஒட்டி எழுதப்பட்ட செய்திகளில் 86 விழுக்காடு அதே மிகையைச் சுமந்தன. குறிப்பு அடக்கமாக இருந்தபோது மிகைப்படுத்திய செய்திகள் 10 விழுக்காடுதான்.

அதாவது மிகையின் பெரும்பகுதி பல்கலைக்கழக வாசலைத் தாண்டும்போதே ஏறிவிடுகிறது. இன்னொன்றையும் அந்த ஆய்வு கண்டது: மிகைப்படுத்தியதால் பத்திரிகைகளில் கூடுதல் இடம் கிடைத்தது என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. உள்ளதை உள்ளபடி சொன்னவர்களுக்கும் இடம் கிடைக்கத்தான் செய்தது.

ஆனால் பத்திரிகைகளும் தப்பிக்க முடியாது. ஜான் போஹானன் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர், ஜெர்மன் ஆவணப்பட இயக்குநர்கள் இருவரோடு சேர்ந்து, உணவு ஆய்வுச் செய்திகள் எவ்வளவு எளிதாகப் பரவுகின்றன என்று காட்ட முனைந்தார். ஆட்களைச் சேர்த்து மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு மாவுச்சத்து குறைந்த உணவு. இன்னொரு குழுவுக்கு அதே உணவோடு தினமும் கறுப்புச் சாக்லேட். மூன்றாவது குழு வழக்கம்போல் சாப்பிட்டது. மூன்று வாரம் கழித்துப் பார்த்தால், சாக்லேட் சாப்பிட்டவர்கள் 10 விழுக்காடு வேகமாக எடை குறைந்திருந்தார்கள்.

இது பொய்த் தரவு அல்ல, உண்மையாகவே அளந்தது. குறை எங்கே என்றால், கடைசிவரை இருந்தவர்கள் வெறும் 15 பேர். அவர்களிடம் அளக்கப்பட்டவையோ எடை, கொழுப்பு, தூக்கம் என்று 18 விஷயங்கள். ஓர் அளவீட்டில் தற்செயலாகவே "குறிப்பிடத்தக்க" வேறுபாடு தோன்ற 5 விழுக்காடு வாய்ப்பு உண்டு என்பது புள்ளியியலின் வழக்கமான வரம்பு. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத 18 விஷயங்களை அளந்தால், ஏதாவது ஒன்றிலாவது அப்படித் தோன்றும் வாய்ப்பு சுமார் 60 விழுக்காடாகிறது. எது தோன்றுகிறதோ அதைத் தலைப்பாக்கிவிடலாம். எடை குறையாமல் தூக்கம் கூடியிருந்தால், சாக்லேட் தூக்கம் தரும் என்று செய்தி வந்திருக்கும். பணம் கட்டினால் வெளியிடும் ஆய்விதழ் ஒன்று கட்டுரையை ஏற்றுக்கொண்டது. ஜெர்மனியின் பில்ட் நாளிதழ் முதல் பக்கத்தில் போட்டது. 20-க்கு மேற்பட்ட நாடுகளில் செய்தி பரவியது. 2015 மே மாதம் போஹானனே உண்மையை வெளியிட்டார். எத்தனை பேரிடம் சோதித்தீர்கள் என்ற ஒரே கேள்வியைச் செய்தியாளர்கள் கேட்டிருந்தால் முதல் நாளே அது நின்றிருக்கும்.

நம்பிக்கை: எண்ணோடு சொன்னால் அதில் மறைக்க ஒன்றுமில்லை

2022 டிசம்பரில் அமெரிக்காவின் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகம் அறிவித்த அணுக்கரு இணைவுச் சாதனையை எடுத்துக்கொள்ளுங்கள். 192 லேசர் கற்றைகள் மிளகளவு எரிபொருள் உருண்டையை நோக்கிச் செலுத்தப்பட்டன. உள்ளே போன லேசர் ஆற்றல் 2.05 மெகாஜூல். இணைவில் வெளிவந்தது 3.15 மெகாஜூல். போட்டதைவிடக் கூடுதலாகக் கிடைத்தது, இனி மின்சாரத்துக்குப் பஞ்சமில்லை என்று உலகமெங்கும் எழுதினார்கள்.

இரண்டு எண்களும் சரியானவையே. இயற்பியலில் அது மாபெரும் சாதனை என்பதிலும் எனக்கு ஐயமில்லை. பல பத்தாண்டு உழைப்பின் பலன் அது. ஆனால் அந்த லேசர்களை இயக்க மின்கட்டமைப்பிலிருந்து எடுத்தது சுமார் 300 மெகாஜூல். நம் மின் கட்டணக் கணக்கில் சொன்னால், செலவு 83 யூனிட், வரவு ஒரு யூனிட்டுக்கும் குறைவு. அந்த வரவும் வெப்பமாகத்தான், மின்சாரமாக அல்ல. விதை, உரம், தண்ணீர்ச் செலவையெல்லாம் விட்டுவிட்டு அறுவடைக் கூலியை மட்டும் கழித்து லாபம் காட்டினால் எந்த விவசாயியும் ஏற்க மாட்டார். இந்தத் தகவலை ஆய்வகம் மறைக்கவில்லை, கேட்டவர்களுக்குச் சொன்னார்கள். தலைப்பில்தான் அது இடம்பெறவில்லை. அந்த ஆய்வகக் கூடத்தின் முதன்மையான வேலை அமெரிக்க அணு ஆயுதக் கையிருப்பைப் பராமரிக்க உதவும் ஆய்வு என்பதும் பல செய்திகளில் விடுபட்டுப்போனது.

குவாண்டம் கணினியிலும் இப்படித்தான். மீக்கணினிக்கு 10,000 ஆண்டு ஆகும் கணக்கைத் தன் இயந்திரம் 200 விநாடியில் முடித்ததாக 2019-ல் கூகுள் அறிவித்தது. தன் மீக்கணினியில் அதை இரண்டரை நாளில் முடிக்கலாம் என்று ஐபிஎம் உடனே மறுத்தது. பின்னர் சீன ஆய்வாளர்கள் சாதாரண வரைகலைச் செயலிகளை வைத்து அதைச் சுமார் 15 மணி நேரத்தில் செய்து காட்டினார்கள். வேகத்தை ஒப்பிடும்போது எதிராளியின் வேகத்தையும் நாமே மதிப்பிட்டால் இந்த நிலைதான் வரும்.

நம்பிக்கை: இவ்வளவு பெரிய மனிதர்கள் பணம் போட்டிருக்கிறார்கள், பார்க்காமலா போடுவார்கள்?

பார்க்காமல்தான் போட்டார்கள்.

எலிசபெத் ஹோம்ஸ் 2003-ல், 19 வயதில், ஸ்டான்ஃபோர்டு படிப்பை விட்டுவிட்டுத் தெரனோஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். விரல் நுனியில் எடுத்த சில சொட்டு ரத்தத்தில் நூற்றுக்கணக்கான பரிசோதனைகள் செய்யலாம் என்பது அவர் சொன்னது. ஊசிக்குப் பயப்படும் குழந்தைகளுக்கும் நரம்பு கிடைக்காத முதியவர்களுக்கும் அது எவ்வளவு பெரிய ஆறுதல்! யாருக்கும் நம்பத் தோன்றும். அமெரிக்காவின் முன்னாள் வெளியுறவு அமைச்சர்கள் ஜார்ஜ் ஷுல்ட்ஸும் ஹென்றி கிஸிஞ்சரும், தளபதி ஜேம்ஸ் மாட்டிஸும் நிர்வாகக் குழுவில் இருந்தார்கள். ஊடக அதிபர் ரூபர்ட் மர்டாக் 10 கோடி டாலருக்கும் மேல் போட்டார். 2014-ல் நிறுவனத்தின் மதிப்பு 900 கோடி டாலர்.

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்த யாரையாவது கேட்டிருந்தால் சந்தேகத்தை உடனே சொல்லியிருப்பார்கள். விரலை அழுத்தி எடுக்கும்போது திசு நீர் கலக்கும். சிவப்பணுக்கள் உடைந்தால் பொட்டாசியம் அளவு கூடித் தெரியும். மிகக் குறைந்த ரத்தத்தை நீர்த்துப் பல சோதனைகளுக்குப் பங்கிட்டால் பிழை பெருகும். ஜான் அயோனிடிஸ் என்ற ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் 2015 பிப்ரவரியிலேயே அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் எழுதினார்: இந்தத் தொழில்நுட்பம் பற்றி மதிப்பாய்வு பெற்ற கட்டுரைகளைத் தேடினால் கிடைக்கவில்லையே என்று. அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நிறுவனத்துக்குள் வேலை செய்த எரிகா சியங், டைலர் ஷுல்ட்ஸ் என்ற இரண்டு இளைஞர்கள், தங்கள் வாழ்க்கையைப் பணயம் வைத்து உண்மையை வெளியே சொன்னார்கள். டைலர், நிர்வாகக் குழுவில் இருந்த அதே ஜார்ஜ் ஷுல்ட்ஸின் பேரன். 2015 அக்டோபரில் வால் ஸ்ட்ரீட் ஜர்னலில் ஜான் கேரிரூ எழுதிய பிறகுதான் எல்லாம் வெளிச்சத்துக்கு வந்தது: பெரும்பாலான பரிசோதனைகளை நிறுவனம் வெளியில் வாங்கிய வழக்கமான இயந்திரங்களில்தான் செய்துகொண்டிருந்தது.

சொந்த இயந்திரமான எடிசனில் இரண்டு ஆண்டுகள் செய்த பரிசோதனை முடிவுகள் அனைத்தும் செல்லாது என்று 2016-ல் நிறுவனமே ஒப்புக்கொண்டது. அரிசோனா மாநிலத்தில் மட்டும் சுமார் 1,75,000 பேருக்குப் பணத்தைத் திருப்பித் தர நேர்ந்தது. 2022-ல் ஹோம்ஸ் குற்றவாளி எனத் தீர்ப்பாகி, 11 ஆண்டுக்கு மேல் சிறைத் தண்டனை பெற்றார். முதலீட்டாளர்களை ஏமாற்றியதற்காகத்தான் அந்தத் தண்டனை. நோயாளிகளை ஏமாற்றியதாகச் சாட்டப்பட்ட குற்றங்களிலிருந்து அவர் விடுவிக்கப்பட்டார். இதை எப்போது நினைத்தாலும் எனக்கு மனம் ஆறுவதில்லை.

நம்பிக்கை: இயந்திரமே யோசித்துச் செய்கிறது

2011-ல் தொலைக்காட்சி வினாடி வினாவில் வென்ற ஐபிஎம்மின் வாட்சன், அடுத்துப் புற்றுநோய் சிகிச்சைக்கு ஆலோசனை சொல்லும் என்றார்கள். டெக்ஸஸின் எம்டி ஆண்டர்சன் புற்றுநோய் மையம் 6 கோடியே 20 லட்சம் டாலர் செலவழித்துவிட்டு, எந்த நோயாளிக்கும் பயன்படுத்தாமலேயே அந்தத் திட்டத்தைக் கைவிட்டது. மணிப்பால் மருத்துவமனைகள் வழியாக இந்தியாவுக்கும் வந்த வாட்சனின் இன்னொரு வடிவம், நியூயார்க்கின் ஒரே மருத்துவமனையைச் சேர்ந்த மருத்துவர்கள் உருவாக்கிய கற்பனை நோயாளிகளின் விவரங்களை வைத்தே பெரிதும் பயிற்சி பெற்றது என்பது 2018-ல் தெரியவந்தது. இயந்திரத்தின் அறிவு என்று விற்கப்பட்டது, சில மருத்துவர்களின் விருப்பத் தேர்வுகள்.

காசாளர் இல்லாத அமேசான் கடைகளில், வாங்குவோர் எடுத்த பொருள்களை இந்தியாவில் சுமார் ஆயிரம் பேர் காணொளியில் பார்த்துச் சரிபார்த்ததாக 2024-ல் செய்தி வந்தது. ஊழியர்கள் சிறு பகுதியை மட்டுமே சரிபார்ப்பதாக நிறுவனம் விளக்கம் தந்தது. பகுதி எவ்வளவாக இருந்தாலும் மனிதர்கள் அங்கே இருந்தார்கள். அவர்களை விளம்பரம் காட்டவில்லை.

நம்பிக்கை: பெரிய ஆய்விதழில் வந்துவிட்டால் அது முடிந்த உண்மை

கொழும்புப் பல்கலைக்கழகத்தில் படித்து, அமெரிக்காவின் ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்துக்குப் போன ரங்க டயஸ், அறை வெப்பநிலையில் மின்தடையே இல்லாத பொருளைக் கண்டதாக 2020-லும் 2023 மார்ச்சிலும் நேச்சர் இதழில் எழுதினார். இரண்டு கட்டுரைகளையும் அந்த இதழ் பின்னர் திரும்பப் பெற்றது; இரண்டாவது, உடனெழுதிய பதினோரு பேரில் எட்டுப் பேரின் கோரிக்கையால். கட்டுரையை வெளியிடுவது சரிபார்ப்பின் தொடக்கம். வேறு ஆய்வகத்தில் அதே முடிவு வரும்வரை அது முடிவதில்லை.

நம்பிக்கை: இப்படியெல்லாம் சந்தேகப்படுகிறவர் அறிவியலுக்கு எதிரி

அறிவியலை உள்ளிருந்து செய்கிறவர்கள்தான் அதிகம் சந்தேகப்படுகிறார்கள். 2011-ல், ஜெனீவாவிலிருந்து 730 கிலோமீட்டர் தொலைவில் இத்தாலியின் கிரான் சாஸோவுக்கு வந்த நியூட்ரினோ என்ற நுண்துகள்கள் ஒளியைவிட 60 நானோவிநாடி முந்தி வந்ததாக ஒபேரா என்ற ஆய்வுக் குழு அளந்தது. எங்கள் பிழை எங்கே என்று கண்டுபிடியுங்கள் என்றே அவர்கள் உலகைக் கேட்டார்கள். சரியாகப் பொருத்தப்படாத ஒரு கண்ணாடி இழைக் கம்பிதான் காரணம் என்று சில மாதங்களில் அவர்களே கண்டுபிடித்துச் சொன்னார்கள். 2023 ஜூலையில் தென் கொரியாவிலிருந்து எல்கே-99 என்ற பொருள் அறை வெப்பநிலையில் மின்தடையே இல்லாத மீக்கடத்தி என்று அறிவிப்பு வந்தபோதும், டெல்லியின் தேசிய இயற்பியல் ஆய்வகம் உட்படப் பல இடங்களில் அதைச் செய்து பார்த்தார்கள். செய்முறை வெளிப்படையாக இருந்ததால் சில வாரங்களிலேயே விடை கிடைத்தது: அது மீக்கடத்தி அல்ல. அதில் கலந்திருந்த தாமிர சல்பைடுதான் அளவீடுகளைத் திசை திருப்பியிருந்தது.

நிறுவனங்கள் சொல்வதெல்லாம் பொய் என்றும் நினைத்துவிடாதீர்கள். புரதங்களின் வடிவத்தைக் கணிக்கும் ஆல்ஃபாஃபோல்டு கூகுளின் டீப்மைண்ட் உருவாக்கியது. அதை உலகம் ஏற்றுக்கொண்டது நிறுவனத்தின் அறிவிப்பால் அல்ல. 1994 முதல் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் ஒரு போட்டியில், இன்னும் வெளியிடப்படாத புரத வடிவங்களைக் கணிக்கச் சொல்லி, தொடர்பில்லாத நடுவர்கள் மதிப்பிடுகிறார்கள். விடை தெரியாத தேர்வை 2020-ல் அது எழுதி வென்றது. அதை உருவாக்கியவர்களில் இருவர் 2024-ல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

நம் பத்திரிகை ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். அறிவியல், தொழில்நுட்பச் செய்தி எதைப் போட்டாலும், கீழே நான்கு வரிப் பெட்டி ஒன்று போடுங்கள்: அளந்தது யார், பணம் கொடுத்தது யார், எத்தனை பேரிடம் சோதிக்கப்பட்டது, வேறு யாராவது செய்து பார்த்தார்களா. பதில் கிடைக்காத வரிகளைக் காலியாகவே விடுங்கள், வாசகர் புரிந்துகொள்வார். அந்தக் கண்டுபிடிப்பு பின்னர் திரும்பப் பெறப்பட்டால், முதலில் போட்ட அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் அதையும் போடுங்கள்.