அரை விநாடி போதும்!



மாஸ்டர் சிலிண்டர், வீல் சிலிண்டர், பிரேக் ஷூ என்று படம் வரைந்து, பாகங்களைக் குறித்து நாம் மதிப்பெண் வாங்குகிறோம். அந்தப் படத்தில் இல்லாத பாகம் ஒன்று உண்டு. பெடலை மிதிக்கும் மனிதன்தான் அது. அவன் மூளை நேரத்துக்கு வேலை செய்யாவிட்டால் எப்பேர்ப்பட்ட டிஸ்க் பிரேக்கும் வெறும் இரும்புதான். குடித்துவிட்டு வண்டி ஓட்டினால் என்ன ஆகும் என்பதை, உபதேசமாக இல்லாமல் நம் பாணியில் கணக்காகவே போட்டுப் பார்க்கிறேன்.

பிரேக் கணக்கு

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகம் என்பது விநாடிக்குச் சுமார் 16.7 மீட்டர். இரவு நேரம், 40 மீட்டர் முன்னால் லைட் இல்லாமல் ஒரு லாரி நிற்கிறது. நிதானமாக இருப்பவர் அதைப் பார்த்து பிரேக்கை மிதிக்க 1 விநாடி என்று வைத்துக்கொள்வோம். அதற்குள் வண்டி 17 மீட்டர் போய்விடும். காய்ந்த தார் ரோட்டின் உராய்வுக் கெழு 0.7 என்று கொண்டால், வேகத்தின் வர்க்கத்தை, 0.7-ஐயும் 9.8-ஐயும் பெருக்கி வந்ததன் இரு மடங்கால் வகுக்க வேண்டும். விடை சுமார் 20 மீட்டர். ஆக மொத்தம் 37 மீட்டர். லாரிக்கு 3 மீட்டர் முன்னாலேயே வண்டி நின்றுவிடும்.

குடித்தவருக்கு அரை விநாடி மட்டும் தாமதம் என்போம். 25 மீட்டர் போன பிறகுதான் பிரேக் பிடிக்கும். மிச்சம் 15 மீட்டர். நிற்கத் தேவையோ 20. லாரியில் மோதும்போது வேகம் மணிக்குச் சுமார் 30 கிலோமீட்டர்! இருவருக்கும் ஒரே வண்டி, ஒரே ரோடு, ஒரே பிரேக். வித்தியாசம் அரை விநாடிதான்.

உடம்புக்குள் நடப்பது

மது ஜீரணமாகக் காத்திருப்பதில்லை. இரைப்பையிலிருந்தும் சிறுகுடலிலிருந்தும் நேரே ரத்தத்தில் கலந்து மூளைக்குப் போகிறது. முதலில் கெடுவது தீர்மானிக்கும் திறன். அதனால்தான், "ரெண்டு ரவுண்டுதான் மாப்ளே, ஸ்டெடியா ஓட்டுவேன்" என்று அவனே அடித்துச் சொல்கிறான்! அடுத்து சிறுமூளை தடுமாறும். டூவீலருக்கு உயிரே பேலன்ஸ்தானே?

"மோர் குடிச்சா சரியாயிடும்", "தலையில தண்ணி ஊத்துடா" என்பதெல்லாம் வீண். மதுவை வெளியேற்றும் வேலையில் பெரும்பகுதியைச் செய்வது கல்லீரல். 100 மில்லி ரத்தத்தில் மணிக்குச் சுமார் 15 மில்லிகிராம் வீதம்தான் குறையும். இரவு 11 மணிக்கு 90 மில்லிகிராம் இருந்தால், முழுதும் இறங்க விடியற்காலை 5 மணி ஆகும்.

கருவியும் சட்டமும்

அமெரிக்காவின் ராபர்ட் போர்கன்ஸ்டைன் 1954-இல் உருவாக்கிய கருவியில், மூச்சில் உள்ள மது பட்டால் பொட்டாசியம் டைகுரோமேட்டின் ஆரஞ்சு நிறம் பச்சையாக மாறும். நம் கெமிஸ்ட்ரி லேபில் பார்க்கும் அதே வினைதான். இன்றைய பல கருவிகளில் ஃபியூயல் செல் உள்ளது. அதில் மது ஆக்சிஜனேற்றம் அடையும்போது உண்டாகும் மின்னோட்டமே அளவைக் காட்டும்.

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 185-இன்படி 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் குற்றம். ஓட்ட முயற்சிப்பதும் குற்றமே. 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி முதல் முறைக்கு 10,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்றது. 2017-இல் சிற்றூர்களுக்கு அந்தத் தூரம் 220 மீட்டராகக் குறைந்தது. நகராட்சி எல்லைகளுக்கும் விலக்கு கிடைத்தது. கடை எங்கே இருந்தாலும் வண்டிச் சாவி நம் கையில்தான் இருக்கிறது.

நாம் செய்யக்கூடியது

அடிபடுகிறவர் பெரும்பாலும் ஒரு சொட்டும் குடிக்காதவராக இருக்கலாம். செகண்ட் ஷிஃப்ட் முடிந்து சைக்கிளில் திரும்பும் நம் அப்பாவாகவோ, விடிகாலையில் பூக்கூடையோடு ரோட்டைக் கடக்கும் ஒரு அம்மாவாகவோ இருக்கலாம். எனவே கடைசிப் பரீட்சை நாளானாலும் சரி, நண்பனின் அக்கா கல்யாணமானாலும் சரி, குடித்தவன் வண்டியில் பின்னால் ஏறாதீர்கள். "சாவியைக் குடுடா" என்று கேட்டு வாங்குங்கள். ஆட்டோவில் ஏற்றி அனுப்புங்கள்.

கோபித்துக்கொள்வான். பரவாயில்லை, கோபித்துக்கொள்ள நாளைக்கு அவன் இருப்பான்.