சவரக் கத்தியைத் தீட்டுதலும் வாரிலிடுதலும்

உழவனுக்குக் கொழு எவ்வாறோ, தச்சனுக்கு உளி எவ்வாறோ, அவ்வாறே சவரத் தொழிலாளருக்குக் கத்தி. கடலூரை அடுத்த திருவஹீந்திரபுரத்தில் முடியிறக்கும் பிரார்த்தனைக்காக வருவோர் பலர். சிதம்பரத்தைச் சுற்றியுள்ள கிராமங்களிலும் இத்தொழிலால் ஜீவிக்கும் குடும்பங்கள் உண்டு. மழுங்கிய கத்தி மயிரை அறுக்காது இழுக்கும், கை அழுத்தும், தோல் கீறி இரத்தம் வரும், இரத்தத்தின் வழியே நோய் பரவும். மேலும், தவறான முறையில் சாணை பிடிக்கப்பட்ட நல்ல கத்தி சில நிமிஷங்களில் பயனற்றுப் போகும். அது தொழிலாளரின் முதலுக்கே நஷ்டம். ஆதலால் இப்பாடம் சங்க அங்கத்தினர் யாவரும் அறிய வேண்டியதாகும்.

நமது பிரதேசத்தின் தொடர்பு

எஃகும் கல்லும் நமக்குப் புதியவை அல்ல. கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் இடையிலுள்ள பரங்கிப்பேட்டையில் 1830ஆம் ஆண்டளவில் ஜோஸையா மார்ஷல் ஹீத் என்பவர் சேலத்து இரும்புக் கனியைக் கொண்டு ஓர் இரும்பாலை நிறுவினார். அவரே பின்னர் சீமைக்குத் திரும்பி, உருக்கில் மாங்கனீஸ் சேர்க்கும் முறைக்கு 1839இல் உரிமைப் பட்டயம் பெற்றார். சவரக் கத்திகளுக்குப் பேர்போன ஷெபீல்டு நகரில் உருக்கின் விலை இதனால் குறைந்தது. தீட்டுவதற்கு உதவும் குருந்தக் கல்லின் ஆங்கிலப் பெயரும் தமிழிலிருந்து சென்றதே. குருந்தப் பொடியை அரக்குடன் சேர்த்துச் சாணைச் சக்கரம் செய்வது நம் நாட்டின் பழைய வழக்கம்.

1. கத்தியின் அமைப்பு

சவரக் கத்தியின் முதுகு தடித்தும், வாய் மிக மெல்லியதாயும், இடைப்பாகம் குழிந்தும் இருக்கும். கத்தியைக் கல்லின்மீது படுக்க வைத்தால் முதுகும் வாயும் மாத்திரமே கல்லைத் தொடும். எனவே எந்தச் சாய்வில் பிடிப்பது என்று யோசிக்க வேண்டியதில்லை, முதுகே வழிகாட்டி. முதுகைக் கல்லிலிருந்து தூக்கித் தீட்டுவோர் வாயின் கோணத்தைக் கெடுக்கிறார்கள்.

இரண்டாவது, எஃகின் பதம். தோய்ச்சல் கொடுத்த எஃகைச் சுமார் 230 டிகிரி சென்டிகிரேடு உஷ்ணத்தில் வைக்கோல் நிறம் வரும்வரை பதப்படுத்துவார்கள். சுமார் 300 டிகிரியை எட்டினால் எஃகு நீல நிறமாகி மெதுவாய்விடும். வேகமாகச் சுழலும் உலர்ந்த சக்கரத்தில் மெல்லிய வாய் கணப்பொழுதில் இந்த உஷ்ணத்தை அடையும். அரிவாளுக்கும் அரிவாள்மணைக்கும் தெருவில் வரும் சாணைச் சக்கரம் போதும்; சவரக் கத்தியை அதில் ஒருக்காலும் கொடுக்கலாகாது.

2. சோதித்தல்

வாயை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்க்க. கூர்மையான வாய் கண்ணுக்குத் தெரியாது. வெண்மையாய் மினுங்கும் கோடோ புள்ளியோ தெரியுமிடம் மழுங்கியது அல்லது பொரிந்தது. நனைத்த கட்டைவிரல் நகத்தின்மேல் வாயை மிக மெதுவாக இழுத்தும் அறியலாம். தடையின்றி வழுக்கினால் மழுங்கல். இடையில் தட்டினால் பொரிவு. இலேசாகப் பற்றிக்கொண்டு ஒரே சீராகச் சென்றால் நலம்.

3. கல்

பொரிவு இல்லாத கத்திக்குக் கரகரப்பான கல் வேண்டாம். சாய்வை அமைக்க ஏறக்குறைய 1000ஆம் எண் கல்லும், முடிவில் மெருகிட 8000ஆம் எண் கல்லும் போதும். கல் சமதளமாயிருத்தல் முக்கியம்; நடுவில் குழிந்த கல்லில் கத்தியின் வாயும் வளைந்துவிடும். தடித்த கண்ணாடியின்மேல் நீருக்குத் தாங்கும் உப்புத்தாளை விரித்து, நீர் விட்டுக் கல்லைத் தேய்த்தால் தளம் சமமாகும். நீர்க்கல்லுக்கு நீரையே உபயோகிக்க. எண்ணெய்க் கல்லுக்கு மெல்லிய இயந்திர எண்ணெய். ஒன்றில் மற்றொன்றைக் கலக்க வேண்டாம். தேங்காயெண்ணெய் நாளடைவில் பிசினாகிக் கல்லின் துவாரங்களை அடைக்கும்.

4. தீட்டும் முறை

கல்லை அசையாதபடி வைக்க. கத்தியின் முதுகும் வாயும் கல்லில் படிய, வாய் முன்னே செல்லுமாறு தள்ளுக. கல்லின் அகலம் கத்தியின் நீளத்துக்குக் குறைவாகையால், அடிப்பாகத்தில் தொடங்கி நுனியில் முடியுமாறு குறுக்குச் சாய்வாகத் தள்ளுதல் வேண்டும். கல்லின் கோடியில் முதுகின்மேல் புரட்டி, மறுபக்கத்தை அவ்வாறே திரும்ப இழுக்க. வாயின்மேல் புரட்டினால் அதுவரை செய்த வேலை வீண். கத்தியின் கனமே போதிய அழுத்தம். இரு பக்கங்களுக்கும் எண்ணிக்கை சமமாயிருக்க வேண்டும். வாய் முழுவதும் ஒரே சீராகப் பற்றும்போது மெருகுக் கல்லுக்கு மாற்றி, பக்கத்துக்குப் பத்து முதல் இருபது தடவை தீட்டினால் போதும். அதற்கு மேல் தீட்டினால் வாயில் மெல்லிய பிசிர் எழும்.

5. வாரிலிடுதல்

கல் எஃகைத் தேய்க்கிறது. வார் தேய்ப்பதில்லை, வளைந்த வாயை நேராக்கி மெருகிடுகிறது. ஆதலால் கல்லுக்கு நேர்மாறாக, வாரில் முதுகு முன்னும் வாய் பின்னும் செல்ல வேண்டும். முதலில் கித்தான் துணியில் இருபது தடவை, பிறகு தோலில் நாற்பது தடவை. ஒவ்வொரு சவரத்துக்கும் முன் இவ்வாறு செய்க. வார் தளர்ந்து தொங்கினால் வாய் உருண்டு போகும். ஆகையால் அதை இழுத்துக் கட்டுக. ஒரு மணல் துகள் வாரில் இருந்தாலும் வாய் பொரியும். ஆகவே துடைத்த பின்பே தொடங்குக. வாரை ஒழுங்காக உபயோகிப்பவருக்குப் பல வாரங்களுக்குக் கல் தேவைப்படாது.

6. துரு

கடற்கரை ஊர்களின் உப்புக் காற்றும், ஐப்பசி கார்த்திகை மாதங்களின் ஈரமும் எஃகுக்குப் பகை. துரு முதலில் அரிப்பது மெல்லிய வாயையே. வேலை முடிந்ததும் நல்ல நீரில் கழுவி, உலர்ந்த துணியால் முதுகிலிருந்து வாயை நோக்கித் துடைத்து, மெல்லிய எண்ணெய் தடவி வைக்க. ஈரத் தோலுறையில் வைக்கலாகாது.

7. சுத்தம்

இந்தியாவில் எச்.ஐ.வி. கிருமி முதன்முதல் 1986இல் சென்னையில் கண்டறியப்பட்டது. அதுவும், ஹெபடைடிஸ் பி, சி என்னும் ஈரல் நோய்க் கிருமிகளும் இரத்தத்தின் வழியே பரவுவன. எனவே பலருக்குச் சவரம் செய்யுமிடத்தில், ஒவ்வொருவருக்கும் புதிய பாதி பிளேடைப் பொருத்திச் செய்வதே உத்தமம். கழித்த பிளேடுகளை மூடியுள்ள தகரப் பெட்டியில் சேர்க்க. தீட்டும் கத்தி ஒருவருக்கே உரியதாயிருத்தல் நலம்.

அதைப் பிறருக்கு உபயோகிக்கும்படி நேர்ந்தால் வரிசை பிறழலாகாது: சோப்பினால் கழுவுதல், இருபது நிமிஷம் கொதிக்க வைத்தல், துடைத்தல், அதன் பின்னரே வாரிலிடுதல். தோல் வாரைக் கொதிக்க வைக்க முடியாது. ஆகையால் இரத்தம் பட்ட கத்தி வாரைத் தொடவே கூடாது. கொதிநீரில் சிறிது சலவைச் சோடா சேர்த்தால் துரு குறையும். உள்ளங்கையில் கத்தியைத் தீட்டுவதும், ஒரே படிகாரக் கட்டியைப் பலர் முகத்தில் தேய்ப்பதும் விலக்கத்தக்கவை.

8. சங்கம் செய்யக்கூடியது

நல்ல மெருகுக் கல்லின் விலை ஒருவருக்குப் பாரமாகலாம். ஆனால் அது ஆண்டுக்குச் சில தடவைகளே தேவைப்படும் பொருள். இரண்டு கற்கள், ஒரு கண்ணாடிப் பலகை, சில உப்புத்தாள்கள் ஆகியவற்றைச் சங்கத்தின் பொதுச் சொத்தாக வாங்கி வைத்தால் பலரும் பயனடைவர். பாதி பிளேடுகளையும் மொத்தமாக வாங்கி அடக்க விலைக்கு அளிக்கலாம். கை தேர்ந்த முதிய தொழிலாளர் ஒருவரை அழைத்து, இளைஞருக்கு வாரிலிடும் முறையைக் காட்டச் செய்வது நலம். எழுத்தில் பத்து வரியால் விளங்காதது கையசைவில் ஒரு கணத்தில் விளங்கும். கருவி நன்றாயிருந்தால் தொழிலாளருக்கு மதிப்பும், ஊராருக்கு ஆரோக்கியமும் உண்டாகும். அடுத்த கூட்டத்தில் அங்கத்தினர்கள் இதைப்பற்றி ஆலோசிப்பார்களாக.