புழைக்கடைத் தோட்டம்

வீட்டின் பின்புறத்தே நான்கைந்து சென்ட் நிலம் வெறிதே கிடக்குமாயின், அதனைக் குப்பை கொட்டும் இடமாக்கிவிடுதல் பலர்க்கும் வழக்கமாயிற்று. அச்சிறு நிலத்திலேயே ஒரு குடும்பத்துக்கு வேண்டிய காய்கறியிற் பெரும்பகுதியை விளைத்துக்கொள்ளலாம். எனினும் தோட்டத்தின் பயன் காய் மட்டும் அன்று. மண்ணோடும் செடியோடும் நாள்தோறும் பழகுவார், மக்களோடு பழகும் முறையையும் தம்மை அறியாமலே கற்றுக்கொள்கின்றனர்.

முதற்கண் அவர் கற்பது காத்திருத்தல். ஆடியிலும் தையிலும் விதைக்க வேண்டுவனவற்றை நினைத்த திங்களில் விதைத்துப் பயன் இல்லை. கத்தரி விதையை நாற்றங்காலில் தூவினால், நாற்றைப் பறித்து நடுதற்கு ஏறத்தாழ 30 நாள் செல்லும். நட்டபின் காய் பறிக்க மேலும் இரண்டு திங்கள் ஆகும். முளைத்ததா என்னும் ஆவலால் மண்ணைக் கிளறும் சிறுவன் முளையையே ஒடித்துவிடுகின்றான்.

அன்பு மிகுதியால் காலையும் மாலையும் குடங்குடமாக நீர் ஊற்றுவாரும் உளர். நீர் தேங்கினால் வேருக்குக் காற்றுக் கிட்டாது; வேர் அழுகும். நாள்தோறும் மேலாகத் தெளித்து வந்தாலோ, வேர் கீழே இறங்காமல் மேல்மண்ணிலேயே படரும். ஒரு நாள் நீர் தவறினும் செடி வாடும். இடைவெளி விட்டு ஆழ நனைத்தால், வேர் ஈரத்தைத் தேடி இறங்கும். பிள்ளை வளர்ப்பார்க்கும் இதில் அறிய வேண்டுவது உண்டு. கேட்குமுன் எல்லாம் கொடுத்து வளர்க்கும் பெற்றோர் இதனை எளிதில் ஒப்புவதில்லை.

திருவள்ளுவர் உழவு என்னும் 104-ஆம் அதிகாரத்தில், நீர் பாய்ச்சுதலினும் காவலையே உயர்த்திக் கூறினார். நிலத்தை நாள்தோறும் சென்று காணாதவனோடு நிலம் மனைவியைப்போல் ஊடும் என்பதும் அவர் கருத்து. இது வெறும் அணிநயம் அன்று. கத்தரியின் தண்டைத் துளைக்கும் புழு உட்புகுந்தால், முதலில் கொழுந்து ஒன்று தலை சாய்க்கும். நாள்தோறும் காண்பவர் அன்றே அக்கொழுந்தைக் கிள்ளிப் புழுவோடு அழித்துவிடுவார். பத்து நாள் கழித்து வருவார்க்குச் சொத்தைக் காய்களே எஞ்சும். மனவருத்தங்களும் இவ்வாறே முதலில் ஒரு சிறு வாட்டமாகத் தோன்றுகின்றன.

சுரை, பூசணி, புடல், பாகல் ஆகிய கொடிகளில் ஆண் பூவும் பெண் பூவும் வேறு வேறாக மலரும். பெண் பூவின் அடியில் சிறு பிஞ்சு காணப்படும். ஆண் பூவில் அஃது இராது. பெரும்பாலும் ஆண் பூக்களே முதலில் மலர்ந்து உதிரும். புதிதாகத் தோட்டம் இடுவார் அவற்றை வீண்பூ என்று எண்ணிக் கிள்ளி எறிவதும் உண்டு. ஆண் பூவின் மகரந்தத்தைத் தேனீயோ பிற பூச்சியோ கொண்டு சேர்க்காவிடில், பெண் பூவின் பிஞ்சு வெம்பி உதிரும். வீட்டிலும் பொருள் ஈட்டாத முதியோரை வீணர் என எண்ணும் பேதைமை இல்லாமல் இல்லை.

ஓர் ஊரில் ஒரு வீட்டுப் பூசணிக்கொடி வேலியைக் கடந்து அண்டை வீட்டுக் கூரைமேல் ஏறிக் காய்த்தது. வேர் எம்முடையது என்றார் ஒருவர். கூரை எம்முடையது என்றார் மற்றவர். காய் பருக்கப் பருக்கச் சொல்லும் வளர்ந்தது. பழைய எல்லை வழக்கும் கிளறப்பட்டது. ஒன்றாகப் பள்ளிக்குச் சென்ற இருவீட்டுப் பிள்ளைகளும் தனித்தனியே செல்லலாயினர். கொடிக்கு உரிய வீட்டிலிருந்த மூதாட்டியார், ஒருவரையும் கேளாமல் காயை அறுக்கச் செய்து, இரண்டாகப் பிளந்து, பெரிய பாதியை அண்டை வீட்டுக்கு அனுப்பினார். மறுநாள் அங்கிருந்து ஒரு கிண்ணம் பூசணிக்காய்க் கூட்டு வந்தது. எல்லை வழக்கு அதன்பின்னும் தீரவில்லை. ஆயினும் பிள்ளைகள் மீண்டும் ஒன்றாகச் செல்லத் தொடங்கினர்.

அவரையின் வேரைத் தோண்டிப் பார்ப்பார், அதிலுள்ள சிறு முடிச்சுகளை நோய் என்று அஞ்சுவர். அம்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைச் செடிக்கு உணவாக மாற்றித் தருகின்றன. செடி அவற்றுக்குச் சர்க்கரை தருகின்றது. செருமானிய அறிஞர் எல்ரீகல் 1886-இல் இதனை வெளியிட்டார். காய்ப்பு ஓய்ந்தபின் வேரை மண்ணிலேயே விட்டால், அடுத்து நடும் கத்தரிக்கு அது உரமாகும்.

நல்ல காய்களுள் ஒன்றிரண்டைப் பறிக்காமல் முற்றவிட்டு, விதையெடுத்துச் சாம்பலிற் புரட்டி உலர்த்திச் சுரைக்குடுக்கையில் இட்டுவைத்தல் பழைய வழக்கம். வீரிய ஒட்டு விதைக்கு இது பொருந்தாது; அதன் விதை தாய்ச்செடியை ஒத்து வளர்வதில்லை. நாட்டு விதையைக் கேட்டார்க்கெல்லாம் ஒரு பிடி கொடுத்தனர் நம் முன்னோர். ஓராண்டு தம் கொடி பட்டுப்போயின், கொடுத்த வீட்டுக்குச் சென்று அவ்விதையையே திரும்பப் பெற்றுக்கொண்டனர்.