பொம்மை வீட்டுக்கு ஒரு பிரெஞ்சு ஜன்னல்

(இரண்டாமாண்டு மாணவி, சிவில் துறை)



நம் பேரவை மலருக்குக் கட்டுரை கேட்டார்கள். கவிதை எழுத எனக்கு வராது. சென்ற நவராத்திரிக்கு நான் ஒரு பொம்மை வீடு செய்தேன். அதில் ஒரே ஒரு ஜன்னல் என்னைப் பத்து நாள் தூங்க விடவில்லை. அதைப் பற்றியே எழுதுகிறேன். மாடல் செய்யும் சிவில் மாணவர்களுக்கும், வீட்டில் கொலு வைப்பவர்களுக்கும் பயன்படும் என்று நம்புகிறேன்.

வேலை வந்த விதம்

மேற்குத் தாம்பரத்தில் ஒரு வீட்டில் என் அம்மா சமையல் வேலை செய்கிறார். அந்த வீட்டு அம்மாள், கொலுப்படிக்குப் பக்கத்தில் வைக்க ஒரு மாடி வீடு செய்து தரச் சொன்னார்கள். "பேத்தி வர்றா. கதவை வரைஞ்சு ஒட்டினா உடனே கண்டுபிடிச்சிடுவா. பால்கனிக்குப் பிரெஞ்சு விண்டோ வேணும், நிஜமா திறக்கணும்" என்றார்கள். நான் யோசிப்பதற்குள் அம்மா, "செஞ்சிடுவாம்மா" என்று சொல்லிவிட்டார். ஆயிரம் ரூபாய் அட்வான்ஸ் கைக்கு வந்தது. அன்றைக்கே அது பரீட்சைக் கட்டணமாகப் போய்விட்டது. இனி ஜன்னல் திறக்கவில்லை என்றால் போவது என் பெயர் மட்டுமல்ல; ஆறு வருஷமாக அந்த வீட்டில் அம்மா சம்பாதித்த மரியாதையும்தான்.

பிரெஞ்சு ஜன்னல் என்றால் என்ன?

பெயர்தான் ஜன்னல், உண்மையில் அது கதவு. தரை வரை இறங்கி, இரண்டு கதவாகப் பிரிந்து, கண்ணாடி பதித்து, பால்கனிக்கோ தோட்டத்துக்கோ திறக்கும். 1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரிக்குப் போனவர்கள், கடற்கரையை ஒட்டிய தெருக்களில் உயரமான இரட்டைக் கதவு ஜன்னல்களைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான் இதுவும். இப்போது நம் பக்கத்து அடுக்குமாடிகளில் போடும் ஸ்லைடிங் கதவில், ஒன்றின் பின்னால் ஒன்று ஒளிந்துகொள்வதால் பாதி வாசல்தான் திறக்கும். பிரெஞ்சு ஜன்னலில் முழு வாசலும் திறக்கும்.

அளவு

பொம்மை வீடு செய்பவர்கள் உலகெங்கும் அதிகம் பயன்படுத்தும் ஸ்கேல் 1:12. அதாவது நிஜத்தில் ஓர் அடி, மாடலில் ஓர் அங்குலம். புது டெல்லியின் ராஷ்டிரபதி பவனை வடிவமைத்த எட்வின் லுட்யென்ஸ், இங்கிலாந்து அரசி மேரிக்காக ஒரு பொம்மை வீட்டையும் வடிவமைத்தார். 1921 முதல் 1924 வரை வேலை நடந்த அந்த வீடும் 1:12 ஸ்கேல்தான். அதில் மின்விளக்கு எரியும், குழாயில் தண்ணீர் வரும். இப்போது விண்ட்சர் கோட்டையில் இருக்கிறது. அவ்வளவு பெரிய கட்டடக் கலைஞரே பொம்மை வீட்டில் எல்லாம் வேலை செய்ய வேண்டும் என்று பார்த்திருக்கும்போது, நான் ஒரு ஜன்னலுக்குப் பயப்படலாமா?

நிஜ ஜன்னல் 4 அடி அகலம், 7 அடி உயரம் என்று வைத்துக்கொண்டேன். 12-ஆல் வகுத்தால் 4 அங்குலம், 7 அங்குலம். கணக்கு வசதிக்காக நிலைக்கு உள்ளளவு 100 மி.மீ. அகலம், 176 மி.மீ. உயரம். நிலைச்சட்டம் 8 x 5 மி.மீ. கதவின் கனம் 3 மி.மீ. கதவு ஒவ்வொன்றும் 49 x 174 மி.மீ. ஆக, இரண்டு ஓரத்திலும் அரை மி.மீ., நடுவில் 1 மி.மீ., மேலும் கீழும் 1 மி.மீ. இடைவெளி.

கீல் தேடிய படலம்

சண்முகம் சாலையில் ஹார்ட்வேர் கடை கடையாக ஏறி இறங்கினேன். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய இரும்புக் குவியலையும் கிளறிப் பார்த்தேன். எனக்குக் கிடைத்ததிலேயே சிறியது முக்கால் அங்குலக் கீல். 19 மி.மீ.யை 12-ஆல் பெருக்குங்கள்: 228 மி.மீ. அதாவது நிஜ வீட்டுக் கதவில் 9 அங்குலக் கீல் போட்ட மாதிரி. ஜன்னல் மாதிரி இருக்காது, லாரி கதவு மாதிரி இருக்கும். அதோடு அதன் ஸ்க்ரூ, 3 மி.மீ. கதவைப் பிளந்துவிடும்.

துணி நாடாவை ஒட்டிக் கீலாக்கினேன். திறந்தது, ஆனால் மூடினால் தானாகவே கொஞ்சம் திறந்துகொண்டது. இரண்டாம் நாள் கதவு தலை சாய்ந்து தரையில் உரசியது.

அப்பா கட்டட வேலைக்குப் போகிறவர். சாப்பிட்டுக்கொண்டே பார்த்தவர், "எங்க ஊரு வீட்டுக் கதவுக்கு ஏதும்மா கீலு? குடுமிதான்" என்றார்.

குடுமிக் கதவு

கதவின் ஓரத்தில் மேலும் கீழும் முளை மாதிரி மரம் நீட்டிக்கொண்டிருக்கும். அதுதான் குடுமி. நிலையின் மேல்சட்டத்திலும் கீழேயும் உள்ள குழிகளில் அது சுழலும். பழைய கோயில் வாசலில் யானை போல நிற்கும் கதவுகளும் இந்த முறையில் சுழல்பவைதான். பழைய வீடுகளின் நிலை, கதவு, தூண் எல்லாவற்றையும் கிட்டத்தில் நின்று பார்க்க விரும்பினால், 1996-இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ரா முட்டுக்காட்டில் இருக்கிறது. ஊர்களிலிருந்து வீடுகளைப் பெயர்த்து எடுத்து வந்து அங்கே மறுபடி கட்டியிருக்கிறார்கள்.

கீலுக்கும் குடுமிக்கும் என்ன வித்தியாசம்? கீல் கதவைப் பக்கவாட்டில் தூக்கிப் பிடிக்கிறது. கதவின் பாரம் மேல்கீலின் ஸ்க்ரூவை வெளியே இழுக்கிறது, இது இழுவிசை. குடுமியிலோ பாரம் நேராகக் கீழே குழியில் இறங்கி உட்காருகிறது, இது அமுக்குவிசை. மெல்லிய மரத்தில் ஸ்க்ரூ பிடிக்காது, ஆனால் பாரத்தை நிற்க வைக்கலாம். ஆகவே கோயில் கதவுக்குப் பொருந்தியது பொம்மைக் கதவுக்கும் பொருந்துகிறது.

தேவையான பொருட்கள்

நிலைக்கு 8 x 5 மி.மீ. மர பீடிங், 1 மி.மீ. அட்டை, ஜெராக்ஸ் கடையில் கிடைக்கும் ஓ.ஹெச்.பி. ஷீட், ஃபெவிகால், கட்டர், ஸ்டீல் ஸ்கேல், உப்புத்தாள், கொஞ்சம் மரத்தூள். குடுமிக்கு 8 அங்குல ஊதுபத்தி இரண்டு. மசாலாவைத் தண்ணீரில் ஊறவைத்து உரித்துவிட்டால் நேரான மூங்கில் குச்சி கிடைக்கும். அதை 1 மி.மீ. கனத்துக்குத் தேய்த்துக்கொள்ள வேண்டும். துளை போட 1.2 மி.மீ. பிட் உள்ள கை டிரில். இதை எலெக்ட்ரானிக்ஸ் துறைத் தோழி ஒருத்தி கொடுத்து உதவினாள்.

செய்முறை

1. மேல்சட்டம், கீழ்ச்சட்டம் இரண்டையும் 110 மி.மீ. நீளத்தில் வெட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக நூலால் கட்டி, ஒரே தடவையில் துளை போடவும். அப்போதுதான் மேல் குழியும் கீழ்க் குழியும் நேர்க்கோட்டில் வரும். துளையின் மையம், சட்டத்தின் முனையிலிருந்து 7 மி.மீ. (நிலைக்கால் 5, இடைவெளி அரை, கதவின் பாதிக் கனம் ஒன்றரை.)

2. கதவு ஒவ்வொன்றுக்கும் அட்டையில் மூன்று அடுக்கு. ஓரச்சட்டம் 8 மி.மீ., மேல்சட்டம் 8, அடிச்சட்டம் 16. வெளி அடுக்குகளில் நிற்கும் சட்டம் முழு நீளமாகவும், நடு அடுக்கில் படுத்த சட்டம் முழு நீளமாகவும் இருக்கட்டும். மூலைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிப் பிடித்துக்கொள்ளும்.

3. ஷீட்டை 37 x 154 மி.மீ. அளவில் வெட்டி, முதல் அடுக்குக்கும் நடு அடுக்குக்கும் நடுவில் வைக்கவும். ஷீட்டில் ஃபெவிகால் தடவாதீர்கள். பிளாஸ்டிக்கை அது சரியாகப் பிடிக்காது, வழிந்த இடம் பளிச்சென்று தெரியும். சுற்றியுள்ள அட்டையில் மட்டும் தடவினால் போதும்.

4. குடுமி வரும் ஓரத்தில் நடு அடுக்கை 2 மி.மீ. குறைத்து வெட்டவும். அங்கே ஒரு பள்ளம் கிடைக்கும். குச்சியை 184 மி.மீ. நீளத்தில் வெட்டிப் பள்ளத்தின் உள்பக்கம் ஒட்டி வைக்கவும். கீழே 6 மி.மீ., மேலே 4 மி.மீ. நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். மீதிப் பள்ளத்தை ஃபெவிகாலும் மரத்தூளும் குழைத்து அடைக்கவும்.

5. காய்ந்ததும் அந்த ஓரத்தை உப்புத்தாளால் அரை வட்டமாக உருட்டவும். (இதை நான் முதலில் செய்யவில்லை. கதை கீழே.)

6. கீழ்ச்சட்டத்தின் அடியில் ஓர் அட்டையை ஒட்டவும். குடுமி துளை வழியாக இறங்கி இந்த அட்டைமேல் நிற்கும். கதவு தரையிலிருந்து 1 மி.மீ. தூக்கி நிற்கும்.

7. நிலைக்கால்களைக் கீழ்ச்சட்டத்தில் ஒட்டி, இரண்டு கதவுகளையும் குழியில் நிறுத்திய பிறகே மேல்சட்டத்தை வைத்து ஒட்டவும். நிலையை முழுக்க ஒட்டி முடித்துவிட்டால் கதவை உள்ளே விட வழியில்லை. குழிக்குள் ஃபெவிகால் போகக் கூடாது. பென்சில் தூள் போட்டால் வழவழப்பாகச் சுழலும். மூலைவிட்டம் இரண்டும் சமமாக, ஏறக்குறைய 202 மி.மீ. இருக்கிறதா என்று காய்வதற்குள் பார்த்துக்கொள்ளவும்.

8. நடு இடைவெளியை மறைக்க ஒரு கதவில் மட்டும் மெல்லிய அட்டைப் பட்டை ஒட்டவும். திறக்கும்போது அந்தக் கதவு முதலில் வர வேண்டும்.

நான் செய்த தவறு

முதல் ஜோடி கதவை, ஓரத்தை உருட்டாமல் சதுரமாகவே விட்டேன். மூடியிருந்தபோது அழகாக இருந்தது. திறந்தால் கொஞ்ச தூரம் வந்து இறுகியது; நடுவில் இரண்டு கதவும் ஒன்றோடொன்று உரசின. கண்ணுக்கு உரசல் தெரிந்த இடம் நடு. ஆகவே நடுவையே தேய்த்தேன். மறுபடி இறுகியது. மறுபடி தேய்த்தேன். 1 மி.மீ. இடைவெளி 3 மி.மீ. ஆனது. நிஜ வீட்டுக் கணக்கில் ஒன்றரை அங்குலச் சந்து! அப்போதும் இறுகல் போகவில்லை. நவராத்திரிக்கு நான்கு நாள்தான் பாக்கி. அம்மா ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

அப்பா வந்து உட்கார்ந்தார். "நடுவுலயே ஏம்மா தேய்ச்சிக்கிட்டு இருக்க? எங்க பிடிக்குதுன்னு கதவையே கேளு" என்றார். என் பென்சிலை வாங்கி, கதவின் எல்லா ஓரத்திலும் கறுப்பாகத் தீட்டினார். இரண்டு தடவை மெதுவாகத் திறந்து மூடினார். நிலைக்காலில் குடுமிப் பக்கம் ஒரு கறுப்புக் கோடு விழுந்திருந்தது. "இங்கதான் இடிக்குது. இடிச்சா அந்தப் பக்கம் தள்ளும். அதான் நடுவுல உரசுது. இதை உருட்டிடு" என்றார்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். குடுமியின் மையத்திலிருந்து ஓரத்துக்கு 1.5 மி.மீ.; கனத்தில் பாதி 1.5 மி.மீ. பிதாகரஸ் தேற்றப்படி மூலைக்கு உள்ள தூரம் 2.12 மி.மீ. கதவு சுழலும்போது மூலை 0.62 மி.மீ. வெளியே நீளும். நான் விட்ட இடைவெளியோ 0.5 மி.மீ. 0.12 மி.மீ. குறைகிறது; அந்த 0.12-தான் கதவை நடுவுக்குத் தள்ளியது. ஓரத்தை உருட்டினால் எந்தக் கோணத்திலும் தூரம் 1.5 மி.மீ.தான், இடைவெளி அப்படியே இருக்கும்.

நடுப்பக்கத்துக்கும் இதே கணக்கைப் போட்டேன். மையத்திலிருந்து அந்த ஓரம் 47.5 மி.மீ.; மூலை 47.52 மி.மீ. வித்தியாசம் 0.02 மட்டுமே. அதாவது நான் மூன்று நாளாகத் தேய்த்தது, குற்றமே செய்யாத பக்கத்தை.

கணக்கை அப்பாவிடம் காட்டினேன். தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அதைத்தானே நானும் உருட்டுன்னு சொன்னேன்" என்றார்.

முடிவு

புது ஜோடி செய்து ஓரத்தை உருட்டினேன். ஒரு விரல் பட்டதும் சுழன்றது. விட்ட இடத்தில் நின்றது. கொலுவின் முதல் நாள் அந்தக் குழந்தை படியில் இருந்த பொம்மைகளை விட்டுவிட்டு ஜன்னலையே திறந்து திறந்து மூடியது. ஒன்பது நாளும் குடுமி தேயவில்லை. சமையலறை வாசலில் நின்று அம்மா அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். மீதிப் பணத்தை அவர் கையில்தான் கொடுக்கச் சொன்னேன்.

இதிலிருந்து நான் கற்றது: பழுது தெரிகிற இடம் ஒன்று, பழுது இருக்கிற இடம் வேறு. தேய்ப்பதற்கு முன் எங்கே பிடிக்கிறது என்று சோதித்துப் பார்க்க வேண்டும். எங்கள் வீட்டில் பாலிடெக்னிக் வாசலை மிதித்த முதல் ஆள் நான். படிக்காத வீட்டிலிருந்து வந்ததால் எனக்குச் சொல்லிக்கொடுக்க வீட்டில் யாரும் இல்லை என்றுதான் நினைத்திருந்தேன். ஏன் உருட்ட வேண்டும் என்று கல்லூரி சொல்லிக்கொடுத்தது. எதை உருட்ட வேண்டும் என்று வீடு சொல்லிக்கொடுத்தது. இரண்டில் ஒன்று குறைந்திருந்தாலும் அந்த ஜன்னல் திறந்திருக்காது.

அடுத்த நவராத்திரிக்கு உங்கள் வீட்டிலும் ஒரு ஜன்னல் திறக்கட்டும்!