கொசு வளரும் டப்பாவில் கீரை வளர்ப்போம்



இந்த மாதப் பாடம் நம் வீட்டுக் கொல்லையிலேயே கிடக்கிறது. ஒரு நிமிஷம் போய்ப் பாருங்கள். ஓட்டைக் குடம், எண்ணெய் டின், மூடி தொலைந்த கெண்டி, தேங்காய்ச் சிரட்டை, பழைய டயர். "எதுக்காவது ஆகும்" என்று போட்டு வைத்திருப்போம். மழை பெய்தால் அது முதலில் கொசுவுக்குத்தான் ஆகும்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளைக் காயல்பட்டினம் மறக்காது. 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஆனால் டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு அவ்வளவு மழை வேண்டாம். ஒரு சிரட்டைத் தண்ணீர் போதும். இந்தக் கொசு பெரும்பாலும் சாக்கடையைத் தேடாது, பாத்திரத்தில் தேங்கிய தெளிந்த தண்ணீரைத்தான் தேடும். பகலில் கடிக்கும். முட்டை கொசுவாக 7 முதல் 10 நாள் ஆகும். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. முட்டை உள்பக்கச் சுவரில் ஒட்டியிருக்கும். பல மாதம் காய்ந்து கிடந்தாலும் அடுத்த மழையில் பொரித்துவிடும்.

அப்படியானால் என்ன செய்வது? தேய்த்துக் கழுவி, அடியில் ஓட்டை போட்டு, மண் நிரப்பிச் செடி வைத்துவிடுவோம். கொசுவுக்கு இடம் போச்சு, நமக்குக் கீரை ஆச்சு.

"குப்பையிலயா செடி வைக்கச் சொல்றீங்க? வீடு அசிங்கமா இருக்காதா ராத்தா?" என்று சிலர் கேட்பார்கள். சண்டிகர் நகரத்தில் நெக் சந்த் என்ற சாலை ஆய்வாளர், உடைந்த வளையலையும் பீங்கான் துண்டுகளையும் சேர்த்துச் சேர்த்து பொம்மைகள் நிறைந்த ஒரு தோட்டத்தையே உருவாக்கினார். 1976-ல் அது மக்களுக்குத் திறக்கப்பட்டது. இன்றும் கூட்டம் கூட்டமாகப் போய்ப் பார்க்கிறார்கள். நம் வீட்டு வாசலையும் அப்படி ஆக்கலாம்.

செய்முறை

1. டப்பாவைத் தேய்த்துக் கழுவுங்கள். தகர டின் என்றால் உள்ளிருந்து வெளியே ஆணி அடித்து நாலைந்து ஓட்டை போடுங்கள். பிளாஸ்டிக் என்றால் ஆணியைச் சூடாக்கிக் குத்தலாம். புகை வரும், வெளியில் வைத்துச் செய்யுங்கள். தகர விளிம்பு கையைக் கிழிக்கும், மடக்கித் தட்டிவிடுங்கள்.

2. ஓட்டை மேல் ஓட்டுச்சில்லு வையுங்கள். மண் அடைக்காது, தண்ணீர் வடியும்.

3. வயல் மண், தேரி மண், மக்கிய தொழுவுரம் மூன்றையும் சம பங்காகக் கலந்து நிரப்புங்கள். தேரி மண் சிவப்பாக இருந்தாலும் மணல்தான். அது மட்டும் போட்டால் ஈரம் நிற்காது. கடற்கரை மணல் வேண்டாம், உப்பு.

4. சிறுகீரை, வெந்தயம் தூவுங்கள். சுமார் 25 நாளில் பறிக்கலாம். கடையில் வாங்கிய புதினாவின் தண்டைக் குத்தி வைத்தாலே பிடிக்கும்.

5. கிணற்றுத் தண்ணீர் உப்பாக இருந்தால் அரிசி, காய்கறி கழுவிய தண்ணீரை ஊற்றுங்கள். சோப்புத் தண்ணீர், கருவாடு ஊறிய தண்ணீர் கூடாது.

பிள்ளைகளோடு சேர்ந்து அழகு செய்வோம்

எண்ணெய் டின்னில் கண்ணும் வாயும் வரைந்து வெந்தயம் தூவினால், கீரைதான் தலைமுடி! முடி வளர்ந்ததும் வெட்டி சமையலுக்கு எடுத்துக்கொள்ளலாம். கெண்டிக்குக் காது வரைந்தால் மூக்கே தும்பிக்கை, யானை தயார். அதன் மூக்கிலும் தண்ணீர் நிற்காமல் மண்ணை அடைத்துவிடுங்கள். ஓட்டைக் குடத்தைப் படுக்க வைத்து, மேல்பக்கம் வெட்டித் திறந்து, அடியில் ஓட்டை போட்டால் மீன். முகம், உருவம் வேண்டாம் என்கிற வீட்டில் பூ, கொடி, நட்சத்திரம் வரையலாம். உடைந்த வளையலைச் சிமெண்டில் பதித்தால் பளபளக்கும்.

கவனிக்க வேண்டியவை

* பூச்சிமருந்து, ஆசிட் இருந்த டப்பா எதற்கும் வேண்டாம்.
* பெயிண்ட் வாளியிலும் டயரிலும் பூச்செடி மட்டும் வையுங்கள், கீரை வேண்டாம்.
* டயரின் உள்மடிப்பில் தண்ணீர் தேங்கும். அங்கேயும் ஓட்டை போட்டு மண்ணை நன்றாக அடையுங்கள்.
* தொட்டிக்கு அடியில் தட்டு வைத்தால் அதிலேயே கொசு வளரும். வைக்கவேண்டாம். வைத்தே ஆகவேண்டும் என்றால் மணல் நிரப்புங்கள்.

செலவு என்ன?

12 பேர் உள்ள குழுவில் ஆளுக்கு 10 ரூபாய் போட்டால் 120 ரூபாய். விதையை மொத்தமாக வாங்கிப் பிரித்துக்கொள்ளலாம். வர்ணத்துக்கு வீட்டில் மீந்த பெயிண்ட் போதும். தொட்டிக்குச் செலவே இல்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரிக்கு அலைந்தால் போகிற பணத்தையும், விடுபடுகிற கூலியையும் இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

அடுத்த கூட்டத்தில் பேசுங்கள்

1. நம் தெருவில் தண்ணீர் தேங்கும் பொருட்கள் எங்கெங்கே கிடக்கின்றன? யார் எந்த வீட்டைப் பார்ப்பது?
2. வாரம் ஒரு நாள் தொட்டி, டிரம் எல்லாவற்றையும் தேய்த்துக் கழுவ எந்தக் கிழமை வசதி?
3. ஐப்பசி மழைக்கு முன் ஒரு வீட்டுக்குக் குறைந்தது மூன்று டப்பாவையாவது தொட்டியாக மாற்ற முடியுமா?

முடிவைத் தீர்மான நோட்டில் எழுதுங்கள். நாளையே ஒரு டப்பாவில் தொடங்குங்கள்.