பில் போட்டு 45 நாள் ஆச்சா? பாக்கியைக் கேட்க சட்டம் இருக்கு!

"தொழில் பண்றது நம்ம ஜனங்களோட ரத்தத்துலயே இருக்கு" என்று மேடைகளில் அடிக்கடி கேட்கிறோம். கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் போனால் அது வெறும் பேச்சு இல்லை என்பது தெரியும். உருக்காலைகளின் பெரிய கேட்டுகளைத் தாண்டினால், இரண்டு லேத், ஒரு வெல்டிங் மெஷின், நாலு ஆட்கள் என்று ஓடும் சின்னச் சின்ன ஷெட்கள். திருவள்ளூரை ஒட்டிய காக்களூர் சிட்கோ தொழிற்பேட்டையிலும் இதே காட்சிதான்.

இந்த ஷெட்களில் பல, பெரிய கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க் செய்பவை. சரக்கு போய்விடும், பில்லும் போய்விடும். பணம் மட்டும் வராது. கேட்டால் "அடுத்த வாரம் பாக்கலாம்" என்பார்கள். சனிக்கிழமை சம்பளம், கரண்ட் பில், ஜி.எஸ்.டி. எதுவும் அடுத்த வாரம் வரை காத்திருக்காது. அப்போது வீட்டு நகை அடகுக்குப் போகும், அல்லது வட்டிக்குக் கடன் வரும். இதைத்தான் "வியாபாரத்துல பொறுமை வேணும்" என்று ஒரு நல்ல குணமாகச் சொல்லிப் பழகிவிட்டோம். ஆர்டர் இல்லாமல் மூடும் பட்டறை உண்டு. கை நிறைய ஆர்டர் இருந்தும், பாக்கி வராமல் மூடும் பட்டறையும் உண்டு.

இந்தப் பொறுமைக்குச் சட்டம் ஒரு எல்லை வைத்திருக்கிறது. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு மற்றும் நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டப்படி, எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் இருந்தால் அதில் சொன்ன தேதிக்குள் பணம் தர வேண்டும். ஆனால் அந்தத் தேதி, சரக்கை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து 45 நாளைத் தாண்டக் கூடாது. "எங்க கம்பெனி பாலிசி 90 நாள் கிரெடிட்" என்று பர்ச்சேஸ் ஆர்டரில் அச்சடித்திருந்தாலும் 45 தான் கணக்கு. ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாள்.

"சரக்கு சரியில்ல, அதான் நிறுத்தி வச்சிருக்கோம்" என்று மூன்று மாதம் கழித்துச் சொல்கிறார்களா? குறை இருந்தால் டெலிவரி ஆன 15 நாளுக்குள் எழுத்தில் சொல்ல வேண்டும். சொல்லவில்லை என்றால், டெலிவரி ஆன நாளிலேயே சரக்கை ஏற்றுக்கொண்டதாகத்தான் அர்த்தம். அதனால் கையெழுத்தும் சீலும் உள்ள டெலிவரி சலானைத் தூக்கிப் போடாதீர்கள். வாங்கிய உடனே செல்போனில் ஒரு போட்டோ எடுத்து வைப்பது நல்லது.

கெடு தாண்டினால் வட்டி உண்டு. ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வீதத்தைப் போல மூன்று மடங்கு, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. வங்கி வீதம் 6 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், வட்டி ஆண்டுக்கு 18 சதவீதம். 2 லட்ச ரூபாய் பில்லுக்கு முதல் மாதம் 3,000, அடுத்த மாதம் 3,045 என்று ஏறும். இன்னொரு பிடியும் இருக்கிறது: 2023–24 நிதியாண்டு முதல், கெடுவுக்குள் பணம் தராத கம்பெனி, அந்தத் தொகையைத் தந்த பிறகுதான் வருமான வரியில் செலவாகக் காட்ட முடியும். அவர்களுடைய கணக்கருக்கு இது நன்றாகவே தெரியும். போனில் பேசும்போது மெதுவாக ஞாபகப்படுத்தலாம்!

இந்த உரிமைக்குச் சாவி உத்யம் பதிவு. ஆதார் எண் இருந்தால் செல்போனிலேயே முடித்துவிடலாம். கட்டணம் கிடையாது. "பதிவு பண்ணித் தர்றோம், 2,000 கொடுங்க" என்று கேட்கும் தனியார் தளங்களிடம் ஏமாற வேண்டாம். சரக்கு அனுப்புவதற்கு முன்பே பதிவு இருப்பது முக்கியம். பணம் நின்ற பிறகு ஓடிப்போய்ப் பதிவு செய்தால், பழைய பில்களுக்கு உரிமை கோருவதில் வழக்குச் சிக்கல் வரும். குறு, சிறு நிறுவனங்களுக்கு மட்டும்தான் இந்தப் பாதுகாப்பு. நடுத்தர நிறுவனங்களுக்கு இல்லை. வாங்கி விற்கும் வியாபாரிகள் உத்யம் பதிவு செய்யலாம், ஆனால் அது வங்கிக் கடன் முன்னுரிமைக்கு மட்டுமே பயன்படும்.

பணம் வரவில்லை என்றால், மத்திய அரசின் இணையதளத்தில் உத்யம் எண்ணைக் கொடுத்து, பில் விவரங்களுடன் மனு போடலாம். மனு குறு, சிறு தொழில் வசதியாக்க மன்றத்துக்குப் போகும். மன்றம் முதலில் சமரசம் பேசும், முடியாவிட்டால் நடுவர் தீர்ப்புக்குக் கொண்டுபோகும். தீர்ப்பை எதிர்த்து வாங்கியவர் கோர்ட்டுக்குப் போக வேண்டுமானால், தீர்ப்புத் தொகையில் 75 சதவீதத்தைக் கட்டிவிட்டுத்தான் போக முடியும்.

எல்லாம் சரி, மனு போட்டால் அடுத்த ஆர்டர் வருமா? நியாயமான பயம். ஒரே கம்பெனியை நம்பி இருப்பவருக்கு வட்டியை விட ஆர்டர்தான் பெரிது. இவர்களுக்கு டிரெட்ஸ் என்ற வழி இருக்கிறது. உங்கள் பில்லை வாங்கியவர் ஆன்லைனில் ஒப்புக்கொண்டதும், வங்கிகள் போட்டி போட்டு ஏலம் கேட்கும். ஒரு சிறு தள்ளுபடி போக மீதி உங்கள் கணக்குக்கு வந்துவிடும். கெடு நாளில் அந்தக் கம்பெனி வங்கிக்குக் கட்டும். கட்டத் தவறினாலும் வங்கி உங்களிடம் திருப்பிக் கேட்காது. ஆண்டுக்கு 250 கோடி ரூபாய்க்கு மேல் விற்றுமுதல் உள்ள கம்பெனிகள் டிரெட்ஸில் சேருவது கட்டாயம். ஆனால் சேர்ந்துவிட்டு பில்லை ஏற்றாமல் இருக்கும் கம்பெனிகளும் இருக்கலாம். அடுத்த ஆர்டர் பேசும்போதே "பில்லை டிரெட்ஸ்ல ஏத்துவீங்களா?" என்று கேட்டு, பதிலை மெயிலில் வாங்கி வையுங்கள்.

உத்யம் பதிவிலோ மனுவிலோ சந்தேகம் இருந்தால், திருவள்ளூர் மாவட்டக்காரர்கள் காக்களூரில் உள்ள மாவட்டத் தொழில் மையத்தை அணுகலாம். போகும்போது உத்யம் சான்று, பர்ச்சேஸ் ஆர்டர், பில், டெலிவரி சலான் நான்கின் நகலையும் எடுத்துச் செல்லுங்கள்.